நீதிபதிக்கு எத்தனை ஆண்டு? குடிமக்களுக்கு ஒரு சிறு பாடம்

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஏதோ ஒரு வகையில் நீதிமன்றத்தோடு தொடர்பு இல்லாத குடும்பம் குறைவு. சிலருக்கு மைசூரில் வாங்கிய சைட்டில் எல்லைத் தகராறு. சிலருக்கு சேலத்திலோ தருமபுரியிலோ உள்ள பூர்வீக நிலத்தில் பாகப்பிரிவினை வழக்கு. சிலருக்கு விபத்து நஷ்ட ஈடு. வாய்தாவுக்குப் போய்விட்டு வருகிறவரிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி "என்ன ஆயிற்று?" என்பது. அதற்குப் பல நேரங்களில் வரும் பதில்: "ஜட்ஜ் மாறிவிட்டார். புதியவர் வந்து பார்க்க வேண்டுமாம்."

இந்த ஒரு வரிப் பதிலுக்குப் பின்னால் ஒரு பெரிய அரசியலமைப்புக் கேள்வி இருக்கிறது. ஒரு நீதிபதி எவ்வளவு காலம் பதவியில் இருக்க வேண்டும்? அதை யார் முடிவு செய்ய வேண்டும்? அந்தக் காலத்தை நீட்டினால் வழக்காடுகிறவனுக்கு நன்மையா? சில நாடுகளில் இந்தக் கேள்வியை நேரே பொதுமக்களிடமே வாக்குச் சீட்டில் கேட்கிறார்கள். நம்மிடம் யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் விடை நமக்குத் தெரிந்திருப்பது நல்லது. பள்ளியில் குடிமையியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று இதைப் பாடமாகவே எழுதுகிறேன்.

1. பதவிக்காலம் இரண்டு வகை

நீதிபதியின் காலத்தை அளக்க உலகில் இரண்டு அளவுகோல்கள் உள்ளன. ஒன்று, ஆண்டுக் கணக்கு. நான்கு ஆண்டு, ஆறு ஆண்டு, பத்து ஆண்டு என்று ஒரு தவணை. அது முடிந்ததும் மீண்டும் தேர்தல் அல்லது மீண்டும் நியமனம். மற்றொன்று, வயதுக் கணக்கு. ஒருமுறை அமர்ந்தால் குறிப்பிட்ட வயது வரை. நம் பிள்ளைகள் கன்னடப் பாடத்தில் படிக்கும் "வயோ நிவிருத்தி" இதுதான்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் உள்ளூர் நீதிபதிகளுக்கு முதல் முறை. சில இடங்களில் இரண்டும் சேர்ந்தே உண்டு. அந்நாட்டின் மத்திய நீதிபதிகளுக்கோ ஆயுட்காலப் பதவி. இந்தியாவில் கீழ் நீதிமன்றம் முதல் உச்ச நீதிமன்றம் வரை வயதுக் கணக்குத்தான். மாவட்ட நீதிமன்றங்களில் பொதுவாக 60, உயர் நீதிமன்றத்தில் 62, உச்ச நீதிமன்றத்தில் 65. ஆகவே அங்கே "தவணையை நீட்டலாமா" என்று எழும் கேள்வி, இங்கே "ஓய்வு வயதை உயர்த்தலாமா" என்ற உருவத்தில் வருகிறது. கேள்வியின் உயிர் ஒன்றே.

2. வாக்குச் சீட்டில் நீதிபதி

அமெரிக்க மாநிலம் ஒவ்வொன்றுக்கும் தனி அரசியலமைப்பு உண்டு. அதைத் திருத்த வேண்டுமானால் பெரும்பாலும் பொதுமக்கள் வாக்களித்து ஒப்புதல் தர வேண்டும். நான்கு உதாரணங்களைப் பார்ப்போம்.

அரிசோனாவில் 2012-ஆம் ஆண்டு நீதிபதிகளின் தவணையை எட்டு ஆண்டாக நீட்டவும், ஓய்வு வயதை 70-லிருந்து 75 ஆக்கவும் ஒரு திருத்தம் மக்கள் முன் வைக்கப்பட்டது. மக்கள் மறுத்துவிட்டார்கள். நியூயார்க்கில் 2013-இல் உயர்நிலை நீதிபதிகள் சிலர் 80 வயது வரை இருக்கலாம் என்று ஒரு திருத்தம் வந்தது, அதுவும் தோற்றது. டெக்சாஸில் 2023-ஆம் ஆண்டு ஒரே நாளில் பதினான்கு திருத்தங்கள் வாக்கெடுப்புக்கு வந்தன. பதின்மூன்று நிறைவேறின. தோற்றது ஒன்றே ஒன்று. நீதிபதிகளின் வயது வரம்பை 75-லிருந்து 79 ஆக்கும் திருத்தம்தான் அது.

பென்சில்வேனியாவின் கதை வேறு. 2016-இல் அங்கே 70-ஐ 75 ஆக்கும் திருத்தம் வந்தது. வாக்குச் சீட்டில் "நீதிபதிகள் 75 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்று திருத்தலாமா?" என்று கேட்டார்கள். இப்போதைய வயது 70 என்ற செய்தி அந்தக் கேள்வியில் இல்லை. படித்தவர்களில் பலர், நீதிபதிகளுக்கு வயது வரம்பே இல்லை போலும், இப்போதுதான் புதிதாக வரம்பு கட்டுகிறார்கள் என்று எண்ணி வாக்களிக்க இடம் இருந்தது. அம்மாநிலத்தின் முன்னாள் தலைமை நீதிபதிகளே இருவர் கேள்வியின் வாசகத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு பலிக்கவில்லை, திருத்தம் மிகக் குறைந்த வித்தியாசத்தில் நிறைவேறியது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. நேராகக் கேட்டால் மக்கள் பெரும்பாலும் நீதிபதியின் காலத்தை நீட்டத் தயங்குகிறார்கள். அடுத்தது, மக்களைக் கேட்பது மட்டும் ஜனநாயகம் ஆகாது. கேள்வியில் பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் வீட்டுவசதிச் சங்கக் கூட்டங்களில் தீர்மானம் நிறைவேற்றும்போதுகூட இந்த விதி பொருந்தும்.

3. நம் நாட்டு வழி

வெள்ளையர் ஆட்சியில் 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி உயர் நீதிமன்ற நீதிபதிகள் அரசியின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருந்தார்கள். சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால், விருப்பம் மாறினால் பதவியும் இல்லை. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம்தான் உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 60 வயது என்று நிலையான கோடு போட்டது. மைசூர் சமஸ்தானத்துக்குத் தனி நீதிமன்றம் இருந்தது. 1884-இல் மூன்று நீதிபதிகளோடு சீஃப் கோர்ட்டு அமைந்தது. 1930-இல் அது மைசூர் உயர் நீதிமன்றம் ஆயிற்று. இன்றைய கர்நாடக உயர் நீதிமன்றத்தின் வேர் அதுவே.

1950-இல் வந்த நம் அரசியலமைப்பு, உயர் நீதிமன்றத்துக்கு 60, உச்ச நீதிமன்றத்துக்கு 65 என்று எழுதியது. அந்த வயதுக்கு முன் ஒரு நீதிபதியை நீக்க வேண்டுமானால், நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். அதாவது அரசாங்கம் கோபித்துக்கொண்டால் நீதிபதியை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அரசாங்கம் மகிழ்ந்தால் வயதைத் தாண்டி வைத்துக்கொள்ளவும் முடியாது. இந்த இரண்டாவது பாதியை நாம் மறந்துவிடுகிறோம். நிலையான ஓய்வு வயது என்பது நீதிபதிக்குப் பாதுகாப்பு மட்டும் அன்று, நமக்கும் பாதுகாப்பு.

காலத்தைத் தொட முடியாதபோது இடத்தைத் தொட்ட கதையும் நம் மாநிலத்துக்கு உண்டு. நெருக்கடிநிலையின்போது, 1976-இல், நாடெங்கும் உயர் நீதிமன்ற நீதிபதிகள் பதினாறு பேர் வேறு மாநிலங்களுக்கு மாற்றப்பட்டார்கள். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் டி.எம். சந்திரசேகர் அலகாபாத்துக்கும், எம். சதானந்தசாமி குவாஹாத்திக்கும் அனுப்பப்பட்டார்கள். அந்நாளில் பெங்களூர்ச் சிறையில் வைக்கப்பட்டிருந்த தலைவர்களின் வழக்குகள் இந்த நீதிமன்றத்தில்தான் நடந்து கொண்டிருந்தன என்பதை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

4. அறுபது அறுபத்திரண்டான கதை

உயர் நீதிமன்ற நீதிபதியின் வயது இதுவரை ஒரே ஒரு முறை உயர்ந்திருக்கிறது. 1963-ஆம் ஆண்டு பதினைந்தாவது அரசியலமைப்புத் திருத்தம் 60-ஐ 62 ஆக்கியது. உயர் நீதிமன்றம் பற்றிய பகுதியைத் திருத்த நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு மட்டும் போதாது. மாநிலச் சட்டமன்றங்களில் குறைந்தது பாதியாவது ஒப்ப வேண்டும். நம் நாட்டில் வாக்கெடுப்பு இல்லை. அதற்கு ஈடாக வைத்திருப்பது இந்த இரட்டைப் பூட்டுதான்.

அதே திருத்தத்தில் வேறொரு விதியும் சேர்ந்தது. ஒரு நீதிபதியின் வயதைப் பற்றியே சந்தேகம் வந்தால், இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்து குடியரசுத் தலைவர் தீர்மானிப்பார் என்பது அது. இப்படி ஒரு விதி எதற்கு என்று பிள்ளைகள் கேட்கலாம். கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி ஜோதி பிரகாஷ் மித்தரின் வழக்கே காரணம் சொல்லும். மெட்ரிகுலேஷன் பதிவின்படி அவர் பிறந்தது 1901 டிசம்பர். அவர் சொன்னது 1904 டிசம்பர். மூன்று ஆண்டு வித்தியாசம். அதற்குள் ஒரு நீதிபதி பதவி அடங்கியிருந்தது. 1965-இல் உச்ச நீதிமன்றம், வயதைத் தீர்மானிக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. பிறகு 1971-இலும் அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதியைத் தோராயமாகச் சொல்லி எழுதிய தலைமுறை நம்முடையது. ஒரு தேதி எவ்வளவு தூரம் துரத்தும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

அதன் பிறகு முயற்சிகள் நடந்தன. அரசியலமைப்பின் செயல்பாட்டை ஆராய அமைந்த தேசிய ஆணையம், கர்நாடகத்தவரான முன்னாள் தலைமை நீதிபதி எம்.என். வெங்கடாசலையா தலைமையில் 2002-இல் அறிக்கை தந்தது. உயர் நீதிமன்றத்துக்கு 65, உச்ச நீதிமன்றத்துக்கு 68 என்றது. 2010 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற வயதை 65 ஆக்கும் நூற்றுப் பதினான்காவது திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமானது. அது வாக்கெடுப்புக்கு வராமலே, 2014-இல் அவை கலைந்தபோது காலாவதி ஆயிற்று. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று, வயதை உயர்த்தலாம், ஆனால் நீதிபதியின் உடல்நலமும் தீர்ப்புகளின் தரமும் பார்த்து உயர்த்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. 62 இன்னும் 62-ஆகவே இருக்கிறது.

5. நம் ஊர் நீதிபதிகள்

கிருஷ்ணராஜ புலவார்டு சாலை நீதிமன்ற வளாகத்தில் நாம் பார்க்கும் சிவில் நீதிபதி, சீனியர் சிவில் நீதிபதி, மாவட்ட மற்றும் செஷன்ஸ் நீதிபதி ஆகியோரின் வயதை அரசியலமைப்பு எழுதி வைக்கவில்லை. அது மாநிலப் பணி விதியில் வருகிறது. முன்பு பல மாநிலங்களில் அது மற்ற அரசு ஊழியரைப் போலவே 58-ஆக இருந்தது.

1991 நவம்பரில் அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் கீழ் நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயது 60 ஆக வேண்டும் என்று ஆணையிட்டது. அரசுகள் மறு ஆய்வு கேட்டன. நீதிபதியும் அரசு ஊழியரும் ஒன்றா என்பதே அவர்கள் எழுப்பிய வாதத்தின் சாரம். 1993 ஆகஸ்டில் நீதிமன்றம் சொன்ன பதில் முக்கியமானது. நீதிபதி அரசின் இறையாண்மை அதிகாரத்தைச் செலுத்துகிறவர். அலுவலக ஊழியரோடு அவரை ஒப்பிடக் கூடாது என்றது. ஆனால் ஒரு நிபந்தனையும் வைத்தது. 58 வயது முடியும் முன் ஒவ்வொருவருடைய பணியையும் உயர் நீதிமன்றம் மதிப்பிட வேண்டும். தகுதியுள்ளவர்களுக்கே அடுத்த இரண்டு ஆண்டு. நீட்டிப்பும் வேண்டும், சல்லடையும் வேண்டும் என்ற இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது.

இதிலும் நம் மாநிலத்தவர் ஒருவரின் பங்கு உண்டு. கர்நாடக உயர் நீதிமன்றத்திலும் பின் உச்ச நீதிமன்றத்திலும் பணியாற்றிய கே. ஜெகன்னாத ஷெட்டி தலைமையில் 1996-இல் தேசிய நீதித்துறை ஊதிய ஆணையம் அமைந்தது. கீழ் நீதிமன்ற நீதிபதிகளுக்கு 62 என்று அது பரிந்துரைத்தது. 2002-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையத்தின் பல பரிந்துரைகளை ஏற்றது. இதை மட்டும் ஏற்கவில்லை. உயர் நீதிமன்ற நீதிபதியே 62-இல் ஓய்வு பெறும்போது கீழ் நீதிமன்றத்துக்கும் 62 பொருந்தாது, இடைவெளி வேண்டும் என்பது காரணம். 2025 மே மாதத்தில் மத்தியப் பிரதேசம் தொடர்பான வழக்கில், 61 ஆக்கத் தடை இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தெலங்கானாவுக்கு அதற்கு முன்பே அத்தகைய அனுமதி கிடைத்திருந்தது. 60-க்கும் 62-க்கும் நடுவே 61. படிக்கட்டில் அரைப்படி வைத்தது போல இருந்தாலும், கதவு திறந்திருக்கிறது என்பது செய்தி.

6. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வயதை உயர்த்தச் சொல்பவர்கள் முதலில் சொல்லும் காரணம், காலியிடங்கள் குறையும் என்பது. ரயில்வேயில் பல ஆண்டு ஆள் கணக்கும் பணியிடக் கணக்கும் பார்த்த பழக்கத்தில் இதைத் தாளில் போட்டுப் பார்த்தேன். கீழே வரும் எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

அறுபது நீதிபதி இடங்கள் உள்ள ஓர் உயர் நீதிமன்றம் என்று வைத்துக்கொள்வோம். (கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 62.) ஒருவர் சராசரியாக 52 வயதில் நியமனம் பெற்று 62-இல் ஓய்வு பெறுகிறார், பணி 10 ஆண்டு. அவர் போன பின் அந்த நாற்காலி நிரம்ப ஒன்றரை ஆண்டு ஆகிறது. அப்படியானால் ஒரு நாற்காலியின் ஒரு சுற்று பதினொன்றரை ஆண்டு; அதில் ஒன்றரை ஆண்டு காலி. அறுபது நாற்காலிகளுக்கும் சராசரி பார்த்தால் எந்த நேரத்திலும் ஏறக்குறைய 8 காலியாக இருக்கும்.

வயதை 65 ஆக்குவோம். பணி 13 ஆண்டு. சுற்று பதினான்கரை ஆண்டு. காலியிடம் ஏறக்குறைய 6. இரண்டு குறைந்தது.

வயதைத் தொடாமல், நிரப்பும் காலத்தை மட்டும் ஒன்றரை ஆண்டிலிருந்து ஆறு மாதமாகக் குறைப்போம். காலியிடம் ஏறக்குறைய 3. ஐந்து குறைந்தது.

ஆகவே காலியிடத்துக்கு உண்மையான மருந்து ஓய்வு வயது அன்று. நியமனத் தாமதத்தைக் குறைப்பது. ஒருவர் எப்போது ஓய்வு பெறுவார் என்பது அவர் பதவி ஏற்ற அன்றே தெரியும். வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று அட்டவணை கையில் இருக்கும்போது, வண்டி வந்த பிறகு பாயிண்ட் போட ஆள் தேடுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு காரணமும் சொல்வார்கள். தலைமை நீதிபதிகள் மிகக் குறுகிய காலமே இருக்கிறார்கள், வயதை உயர்த்தினால் காலம் நீளும் என்பது. குறை உண்மைதான். கே.என். சிங் 1991-இல் பதினேழு நாட்களே இந்தியத் தலைமை நீதிபதியாக இருந்தார். கர்நாடகத்திலிருந்து சென்றவர்களில் எஸ். ராஜேந்திர பாபு 2004-இல் ஒரு மாதம் இருந்தார். ஈ.எஸ். வெங்கடராமையா 1989-இல் ஆறு மாதம் இருந்தார். அவருடைய மகள் பி.வி. நாகரத்னா, மூப்பு வரிசைப்படி 2027-இல் ஏறக்குறைய 36 நாட்கள் அப்பதவியில் இருக்கக்கூடும். அப்பதவியை ஏற்கும் முதல் பெண்மணி அவராகவே இருப்பார். நாட்டுக்குப் பெருமை தரும் செய்தி. அவருக்குக் கிடைக்கும் நாட்களோ ஒரு கோடை விடுமுறை அளவுகூட இல்லை.

ஆனால் வயதை உயர்த்தினால் இது தீருமா? தீராது. மூப்பு வரிசையில் முன்னவர் 1960 ஜனவரியிலும் அடுத்தவர் அதே ஆண்டு ஜூலையிலும் பிறந்தவர்கள் என்று கொள்வோம். 65 வயது விதியில் முதலாமவர் 2025 ஜனவரியில் போவார், இரண்டாமவர் ஜூலையில் போவார். இடையே ஆறு மாதம். விதியை 68 ஆக்கினால் 2028 ஜனவரி, 2028 ஜூலை. அப்போதும் ஆறு மாதம்தான். வரிசையில் நிற்கும் எல்லாரையும் மூன்று அடி முன்னே நகர்த்தினால் ஒருவருக்கொருவர் உள்ள தூரம் மாறாது. சட்டம் மாறும் நேரத்தில் நாற்காலியில் இருப்பவருக்கு மட்டும் மூன்று ஆண்டு கூடும். அவருக்குப் பின் வருபவர்களுக்குப் பழைய கணக்கே. ஆகவே வயது உயர்வை ஆராயும்போது, சட்டம் அமலாகும் நாளில் யார் பதவியில் இருக்கிறார் என்று பார்ப்பது வம்பு அன்று, குடிமகனின் கடமை.

மூன்றாவது கணக்கு இளைஞர்களைப் பற்றியது. 1998-இல் மத்திய அரசுப் பணியில் ஓய்வு வயது 58-லிருந்து 60 ஆனபோது, ஏறக்குறைய இரண்டு ஆண்டு வயது ஓய்வு என்பதே இல்லாமல் போயிற்று. மேலே இடம் காலியாகாததால் கீழே பதவி உயர்வும் நின்றது. தமிழ்நாட்டில் 2020-இல் 59, 2021-இல் 60 என்று உயர்த்தியபோது தேர்வு எழுதிக் காத்திருந்த நம் உறவுப் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்பது நமக்குத் தெரியும். நீதித் துறையிலும் மூப்பு வரிசை உண்டு. சிவில் நீதிபதியாகச் சேர்ந்த ஒரு பெண் மாவட்ட நீதிபதியாகி, அங்கிருந்து உயர் நீதிமன்றம் செல்லும் வயது தள்ளிப் போகும். இது ஒருமுறை வரும் பாதிப்புத்தான். ஆனால் அந்த ஒருமுறையில் அகப்படுபவர்களுக்கு அது முழு வாழ்க்கை.

உயர்த்துவதற்கு வலுவான காரணங்களும் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். விடுதலை பெற்றபோது நம் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது. இன்று 70-ஐ ஒட்டி இருக்கிறது. 1935-இல் போட்ட 60 என்ற கோடு வேறு உடலுக்குப் போட்டது. இங்கிலாந்து 2022-இல் தன் நீதிபதிகளின் வயதை 70-லிருந்து 75 ஆக்கியது. இலங்கையில் உச்ச நீதிமன்றத்துக்கு 65, மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 63. மேலும், நம் நாட்டில் பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று 1987-இல் சட்ட ஆணையமும், 2002-இல் உச்ச நீதிமன்றமும் கூறின. 2024-இல் அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு 21 மட்டுமே. பழுத்த அனுபவமுள்ள ஒருவரை நல்ல உடல்நலத்தோடு 60 வயதில் அனுப்பிவிடும் வசதி நமக்கு இருக்கிறதா என்று கேட்பவர்களை அலட்சியப்படுத்த முடியாது.

7. வழக்காடுபவர் தெரிந்துகொள்ள வேண்டியது

மைசூர் நீதிமன்றத்தில் "ஜட்ஜ் மாறிவிட்டார்" என்று நாம் கேட்பது பெரும்பாலும் ஓய்வினால் அன்று, இடமாற்றத்தினால். கீழ் நீதிமன்ற நீதிபதிகளுக்குப் பொதுவாக மூன்றாண்டுக்கு ஒருமுறை இடமாற்றம் உண்டு. ஆகவே ஓய்வு வயது 60 ஆனாலும் 65 ஆனாலும், நம் வழக்கைப் பொறுத்தவரை ஒரு நீதிபதியின் "பதவிக்காலம்" மூன்றாண்டுதான். பத்தாண்டு நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு மூன்று நான்கு நீதிபதிகளைப் பார்த்துவிடும்.

நீதிபதி மாறினால் வழக்கு முதலிலிருந்து தொடங்குமோ என்று பலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். சிவில் நடைமுறைச் சட்டம் 18-ஆம் ஆணை 15-ஆம் விதிப்படி, முந்தைய நீதிபதி பதிவு செய்த சாட்சியத்தைக் கொண்டே புதியவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 20-ஆம் ஆணை 2-ஆம் விதிப்படி, முந்தையவர் எழுதி முடித்து வாசிக்காமல் விட்ட தீர்ப்பைப் புதியவர் வாசிக்கலாம். ஆபத்து எங்கே என்றால், வாதம் கேட்டு முடித்து, தீர்ப்பு எழுதாமல் ஒருவர் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போய்விடும்போதுதான். அப்போது வாதத்தை மீண்டும் நடத்த வேண்டியிருக்கும். வக்கீல் கட்டணமும் நாட்களும் மீண்டும் செலவு.

ஆகவே நம் அன்பர்களுக்கு ஒரு யோசனை. வாதம் முடியும் கட்டத்தில், நீதிபதிக்கு மாற்றலோ ஓய்வோ நெருங்குகிறதா என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். வாதம் முடிந்து 30 நாட்களுக்குள், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் 60 நாட்களுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று 20-ஆம் ஆணை கூறுகிறது. எழுத்து வடிவில் வாதத்தைத் தாக்கல் செய்து வைப்பதும் நல்லது. புதியவர் வந்தாலும் உங்கள் கட்சி கோப்பில் இருக்கும்.

8. நம் கையில் வாக்குச் சீட்டு வந்தால்

அப்படி ஒரு சீட்டு நம் கையில் வரப்போவதில்லை. வந்தால் நான் எப்படி வாக்களிப்பேன் என்று சொல்லாமல் விட்டால் பாடம் முடியாது.

கீழ் நீதிமன்றங்களில் வயதை 62 வரை உயர்த்துவதற்கு நான் "ஆம்" என்பேன், மூன்று நிபந்தனைகளோடு. முதலாவது, 1993 தீர்ப்பில் உள்ளது போன்ற மதிப்பீடு பெயரளவுக்கு இல்லாமல் உண்மையாக நடக்க வேண்டும். அதை நடத்துவது உயர் நீதிமன்றமாக இருக்க வேண்டும், அரசாங்கமாக இருக்கக் கூடாது. இரண்டாவது, சட்டம் இன்றைக்கு எழுதி இன்றைக்கே அமலாகக் கூடாது. அறிவித்து ஒரு சில ஆண்டு கழித்து நடைமுறைக்கு வந்தால், தனி மனிதர் எவருக்காகவும் செய்தது என்ற பேச்சுக்கு இடம் இராது. மூன்றாவது, உயர்த்தும் அதே வேளையில் புதிய பணியிடங்களையும் தோற்றுவித்து இளைஞர்களின் வழியை அடைக்காமல் பார்க்க வேண்டும். உயர் நீதிமன்ற வயதையும் கூடவே 65 ஆக்கினால் 2002 தீர்ப்பு கேட்ட இடைவெளியும் நிற்கும்.

ஆனால் ஒன்றுக்கு மட்டும் எந்நாளும் "இல்லை" என்பேன். தனித்தனி ஆளுக்கு, தனித்தனி ஆணையில், அரசாங்கம் மனம் வைத்து ஓராண்டு ஈராண்டு நீட்டிப்புத் தரும் முறைக்கு. நீட்டிப்பை எதிர்பார்த்து அமர்ந்திருக்கும் நீதிபதி முன், அரசாங்கத்தோடு வழக்காடும் சாதாரண மனிதன் நிற்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தராசு எவ்வளவு நேராக இருந்தாலும் நம்பிக்கை பிறக்காது. எல்லாருக்கும் ஒரே வயது, எல்லாருக்கும் ஒரே விதி என்பது கரடுமுரடான ஏற்பாடுதான். சில நல்லவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிடும்தான். ஆயினும் யாருடைய தயவும் தேவைப்படாத நீதிபதியே நமக்கு வேண்டும்.

சிந்தனைக்குச் சில கேள்விகள் (வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பேசலாம்)

அ. நீதிபதியை மக்களே தேர்ந்தெடுத்தால் தீர்ப்பு எப்படி மாறக்கூடும்? சிறுபான்மையாக வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு அது நன்மையா?

ஆ. பென்சில்வேனிய வாக்குச் சீட்டின் கேள்வியை, யாரும் தவறாகப் புரிந்துகொள்ளாதபடி நீங்கள் எப்படி எழுதுவீர்கள்? தமிழிலும் கன்னடத்திலும் எழுதிப் பாருங்கள்.

இ. மேலே தந்த கணக்கில் நியமனம் சராசரியாக 48 வயதில் நடந்தால், 62 வயது விதியிலேயே காலியிடம் எத்தனை ஆகும்? வயதை 65 ஆக்கியபோது வந்த விடையோடு ஒப்பிடுங்கள்.

ஈ. மாவட்ட நீதிபதியை மூன்றாண்டில் இடம் மாற்றுவது நல்லதா? ஒரே ஊரில் பத்தாண்டு இருந்தால் என்ன நன்மை, என்ன கெடுதல்?